பொழுது சாய்ந்தபின் அரைத்த பருப்புப்பொடி

அக்கா,

இன்று சாயங்காலம் துவரம்பருப்பு வறுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. உங்கள் பெயரைப் போட்டு, உங்கள் உணவுப் பதிவு முடியப்போகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று. உங்களுடையது பட்டன் போன் என்பதால் விண்ணப்பத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தோம். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. அது அவர்களுக்குத் தெரியாது. பருப்பு வாசனையும் உங்கள் பெயரும் ஒன்றாக வந்ததில் அடுப்பைச் சிறிதாக்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும் என்று உங்களை நச்சரித்தவள் நான்தான். பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். யாருக்காவது வயிற்றைக் கலக்கினால்? யாராவது வந்து கேட்டால்? "இன்னா பாப்பா, நாலு தெருவுக்குப் பொடி குடுக்கறதுக்கு கவர்மெண்டு நம்பரா?" என்று சிரித்தீர்கள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஆதார் அட்டையைப் பிடித்துக்கொண்டு என்னோடு வந்தீர்கள். படம் எடுக்கும்போது மூன்று முறை கண்ணை மூடினீர்கள்.

விதிகளை நான் படிக்கப் படிக்க நீங்கள் பதில் சொன்னது காதிலேயே இருக்கிறது. நகம் வெட்டணும், வளையல் கழற்றணும், தலைக்குத் தொப்பி போடணும். "தொப்பியா? பொடி அரைக்கறமா, ஆபரேஷன் பண்றமாடி?" பூனை உள்ளே வரக்கூடாது. "அத நீயே அதுகிட்ட சொல்லு." ஆனால் எல்லாவற்றையும் செய்தீர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதை மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்கள் சமண வீட்டுப் பெண். அது உங்கள் சமையலறையில் முன்பே இருந்த விதி. பூண்டு கிடையாது. பொழுது சாய்ந்தால் அடுப்பும் கிடையாது. நீங்கள் கடிகாரம் பார்த்ததில்லை. பின்வாசலில் நின்று கோட்டை மலையைப் பார்ப்பீர்கள். வெயில் அதன் பின்னால் இறங்கத் தொடங்கினால் அடுப்பை அணைத்துவிடுவீர்கள்.

லேபிள் எழுதிய மத்தியானம் ஞாபகமிருக்கிறதா? என்னென்ன சேர்த்தோம், எடை, செய்த தேதி, எத்தனை நாள் தாங்கும், பதிவு எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி. எல்லாம் சரிபார்த்துவிட்டு, "பொழுதோட செஞ்சதுன்னு எங்க போட்டிருக்க?" என்றீர்கள்.

"அதுக்கெல்லாம் கட்டம் இல்லக்கா."

"கட்டம் இல்லன்னா? வாங்கறவங்களுக்குத் தெரிய வாணாமா?"

"உங்க பேரு இருக்குதே, அது போதும்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

பிறகு நீங்கள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரி என்று உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. மேல்சித்தாமூரில் இருக்கும் உங்கள் பெரியம்மா நோன்பு முடிப்பதற்காகப் பருப்புப்பொடி கேட்டிருந்தார், மறுநாள் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். அன்று பார்த்துப் பகலெல்லாம் கரண்டு இல்லை. மிக்ஸி ஓடாதே என்று வறுக்காமல் காத்திருந்தேன். கரண்டு வந்தபோது மலை கறுத்துவிட்டது. வளையலைக் கழற்றினேன், தொப்பி போட்டேன், பூனையை விரட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் வறுத்தேன், அரைத்தேன், உங்கள் பெயர் போட்ட லேபிளை ஒட்டினேன். அரசாங்கத்தின் விதி ஒன்றைக்கூட மீறவில்லை அக்கா.

கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீங்கள் கூப்பிட்டீர்கள். குரலே எழும்பவில்லை.

"பொழுதோட முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டன்க்கா."

"அப்ப சரி. பெரிம்மா நம்பி சாப்புடும்."

அவ்வளவுதான் நாம் பேசியது. மூன்றாம் நாள் உங்களைக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விழுப்புரத்துக்கு, அவர் தம்பியோடு இருக்கப் போய்விட்டார். வீடு பூட்டியிருக்கிறது. செய்தி வந்ததும் கம்ப்யூட்டர் சென்டர் பெண்ணுக்குப் போன் செய்தேன். "எறந்தவங்க பேருல புதுப்பிக்க முடியாதுக்கா. உங்க பேருல, உங்க வூட்டு அட்ரஸுக்குப் புதுசா போட்டுடலாம். ஒரு போட்டோ எடுத்துக்கினு வாங்க, அவ்ளோதான்." அவளுக்கு அவ்வளவுதான்.

இன்று காலையில் பெரியம்மாவும் பேசினார். "அன்னிக்கு நோன்ப முடிச்சி மொத வாயி அவ பொடியத்தான் பெசஞ்சி சாப்புட்டன். போகும்போதும் எனக்குப் பொழுதோட செஞ்சி அனுப்பிட்டுப் போயிருக்கறா பாரு." அழுதார். அழுது முடித்து, "இந்தத் தடவையும் நோன்பு வருது. நீ அவகூட இருந்தவ. நீ செஞ்சி குடுத்தா எனக்குப் போதும்மா" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் பெரியம்மா என்று வைத்துவிட்டேன்.

அன்று இருட்டியபின் அரைத்ததைச் சொன்னால் அந்த வயதில் அவர் காத்த நோன்பு என்ன ஆவது? சொல்லாவிட்டால் உங்கள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எப்படி ஒட்டுவது? உங்களிடம் கேட்கலாம் என்று வீட்டை விட்டு வெளியே வந்தேன். உங்கள் வாசலில் பூனை உட்கார்ந்திருந்தது. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நான் இன்று வறுத்தது விற்க அல்ல, பிள்ளைக்குச் சோற்றில் பிசையத்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த விதி இல்லை. இருந்தும் திரும்பி வந்தபோது ஜன்னலில் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது. என் கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. "இன்னா, பாதியில நிறுத்திட்ட? கேஸ் தீர்ந்துட்ச்சா?" என்றார் என் வீட்டுக்காரர். இல்லை என்று தலையாட்டினேன்.

எல்லோரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன். விடிந்தால் பெரியம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். "முடிச்சிட்டியா" என்று நீங்கள் கேட்டது ஒவ்வொரு சாயங்காலமும் கேட்கிறது. பாதி வறுபட்ட பருப்பு சட்டியிலேயே கிடக்கிறது, அக்கா.