துளை பெருக்கிய சக்கரம்

ஆம்பூர்
19.06.2025

அன்புள்ள இளம்பரிதிக்கு,

நானும் அம்மாவும் உடலளவில் நலம். ஜாம்ஷெட்பூர் வெயில் உன்னை வாட்டாமல் இருக்கட்டும். உன் மீது எனக்குள்ள குறைகளைத் தேதி வாரியாகத் தருகிறேன்.

1. 22.04.2025: நம் இருபத்தேழு வருட லாரியின் சக்கரங்களை, அதில் ஏற்றிப்போகும் உப்புத்தோலில் வடியும் தண்ணீர் அரித்துவிட்டது. பொருந்தும் சக்கரம் இந்த வட்டாரத்தில் இல்லை. அங்கே பழைய சாமான் கடைகளில் தேடுவதாகச் சொன்னாய். போல்ட் துளைகளின் அளவைத் தோல் துண்டில் வெட்டி அனுப்பினேன். சுருண்டு வந்த அதைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டதாகச் சக்கரம் வந்தபின் சிரித்தபடி நீயே சொன்னாய். ஈரத்தோல் சூட்டில் சுருங்கும் என்பது ஆம்பூரில் பிறந்தவனுக்குத் தெரியாதா? அட்டையில் வெட்டாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

2. 28.05.2025: சுருங்கிய அளவுக்குப் பொருந்தும் இரண்டு சக்கரங்கள் வந்தன. லாரிக்குப் பொருந்தவில்லை. திருப்பி அனுப்புவோம் என்றேன். நீயோ எனக்குத் தெரியாமல் ஓட்டுநர் ஜெயசீலனை அழைத்து, "லேத்துல குடுத்து ஓட்டைய கொஞ்சம் பெருசு பண்ணி மாட்டிடுண்ணே, அப்பாகிட்ட இன்னாத்துக்கு சொல்லிக்கிட்டு" என்றிருக்கிறாய். பழைய சக்கரத்தையே வெல்டிங் வைத்து ஓட்டுவதாக என்னிடம் சொல்லப்பட்டது.

3. 11.06.2025: வாணியம்பாடி அருகே முன் இடது சக்கரம் கழன்று, லாரி பள்ளத்தில் இறங்கியது.

ஜெயசீலன் காறை எலும்பு முறிந்து வேலூர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். நட்டை முடுக்காமல் விட்டவர் தாம்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார், லேத்காரர் சொல்லித்தான் எனக்கு உண்மை தெரிந்தது, நேரில் போய்க் கேட்டதற்கு, "தம்பி பேரு கேஸ்ல வந்தா அங்க வேலைக்குப் பேஜாராய்டும் ஸார், என்னுது இன்னா, ஆறு வாரத்துல எலும்பு கூடிடும்" என்கிறார். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அமிர்தவள்ளி நிமிராமலே, "எலும்பு கூடிடும், லைசென்ஸ் கூடுமா? இன்னா பெரிய தியாகம் இது" என்றார். ஜெயசீலனோ பத்தொன்பது வருடம் நம் லாரியைத் தவிர வேறு தொழில் அறியாதவர், வயது ஐம்பத்தொன்று. நாள் வீணாகக் கூடாதென்று நல்லதுக்குத்தான் பையன் சொன்னான் என்கிறாள் அம்மா, இருக்கலாம், அவளோடு வாதிட எனக்குத் தெம்பில்லை. உன்னைத் திட்டவும் இல்லை.

ஜெயசீலனின் உரிமத்தை ரத்து செய்வது குறித்து 07.07.2025 அன்று போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை. லாரியின் உரிமையாளன் என்ற முறையில் என் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். துளையைப் பெரிதாக்கச் சொன்னது நீதான் என்று நீயும் உன் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, மோர் நிறையக் குடி என்கிறாள் அம்மா. நீண்ட ஆயுளும் நேரான மனமும் உனக்கு அமைய என் ஆசிகள்.

தொலைபேசியில் விளக்கம் வேண்டாம், எடுக்கமாட்டேன். 02.07.2025 மாலைக்குள் உன் கடிதம் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் விசாரணையில் உன் பெயரை நானே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோ. சம்பத்