அந்தப் பச்சை முக்காடு யாருடையது?

கண்டி
09.07.1998

றம்ஸியா,

நீ என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய் விமானம் ஏறினாய். 'அன்புள்ள' போட்டுத் தொடங்கப் பார்த்தேன். பேனை ஓடவில்லை.

முக்காடு உன்னுடையது. யோசனையும் உன்னுடையது. "எண்பத்து மூண்டு கலவரத்துல எங்கட உம்மா உங்கட அம்மாட தலையில முக்காட்டப் போட்டுத்தானே கூட்டத்துக்கு நடுவால கூட்டிக்கொண்டு வந்தா. நீயும் போடு. முஸ்லிம் பிள்ளைகளெண்டா செக்பொயின்ட்ல இறக்க மாட்டாங்க" என்று சொல்லி, விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வறக்காப்பொலையில் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் நீயே என் தலையில் குத்திவிட்டாய். இரண்டு ஊசி. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அன்றைய கூட்டம் முகத்தைத்தான் பார்த்தது, செக்பொயின்ட் அடையாள அட்டையைப் பார்க்கும் என்பது படித்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அட்டையில் செசிலியா தியாகராஜா, பிறந்த இடம் யாழ்ப்பாணம். தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீட்டுக்குப் போனது இந்த நாட்டில் குற்றமாம். அதற்குப் பிறகு இருபத்து நாலு வருடமும் நான் கண்டியில்தான் இருக்கிறேன். அதை எழுத அட்டையில் இடமில்லை. "முக்காடு யாருடையது? இவளைத் தெரியுமா?" என்று அந்த இன்ஸ்பெக்டர் உன்னைக் கேட்டான். நீ நல்ல சிங்களத்தில் சொன்னாய்: "தெரியாது சேர். வழியில் வேனில் ஏறினவ."

மூன்று நாள் உள்ளே இருந்தேன். முக்காடு என் சிநேகிதியுடையது என்று சொன்னேன். "அவளே உன்னைத் தெரியாது என்கிறாளே" என்று சிரித்தார்கள். 'மாறுவேடத்தில் விமான நிலையம் போக முயன்றவர்' என்று எழுதினார்கள். பாஸ்போட்டும் முக்காடும் இப்போது அவர்களிடம். ஞாயிறு தோறும் கண்டிப் பொலிசில் நான் கையெழுத்துப் போடவேண்டும்.

சீதா விமான நிலையத்தில் மூன்று பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு காத்திருந்திருப்பாள். அவளுக்கு என்ன சொன்னாய்?

இன்னொன்று. சமையல் வகுப்பில் என்ன சமைத்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுது. மூன்று பேரும் இரண்டு வருடம் திட்டம் போட்ட பயணம். என் பங்கை நான் விடமாட்டேன். கோபம் வேறு, இது வேறு.

செசிலியா


சியாங் மாய்
20.07.1998

என் உயிர்ச் செசி,

ஸலாம் சொன்னால் திட்டுவாய். ஆனாலும் உனக்குச் சாந்தி உண்டாகட்டும்.

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்து மூன்று தரம் வாசித்தேன். பயம், செசி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உன்னை விட்டுவிடுவார்கள், அடுத்த விமானத்தில் வருவாய் என்றுதான் நினைத்தேன். சீதாவிடம் உனக்குக் காய்ச்சல் என்றேன். இப்போது அவளுக்கும் எல்லாம் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்!

இவர்கள் தேங்காய்ப்பாலைத் தலைகீழாக விடுகிறார்கள்! நாம் கறி இறக்கும்போது கடைசியாக விடுகிற முதற்பாலை இவர்கள் முதலில் விடுகிறார்கள். வெறும் சட்டியில் கட்டிப்பால். அது கொதித்துக் கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வரவேண்டும். பிரிந்த பிறகு அதில் அரைத்த பச்சைக் கூட்டைப் போட்டு வதக்கவேண்டும். நான் பழக்கத்தில் தண்ணிப்பாலைத் தூக்கினேன். நொய் அக்கா, அவர்தான் எங்கள் ஆசிரியை, என் கையில் அகப்பையால் ஒன்று போட்டார். அவருக்கு ஆங்கிலத்தில் 'நோ'வும் 'குட்'டும் மட்டும் தெரியும். எனக்கு இதுவரை பதினேழு 'நோ', இரண்டு 'குட்'.

இங்கேயும் ரம்பை இருக்கிறது, செசி! நாம் சோற்றில் போடுகிறோம். இவர்கள் அந்த இலையால் கோழித் துண்டைச் சுற்றிக்கட்டிப் பொரிக்கிறார்கள். பிரிக்கும்போது வருகிற வாசத்துக்கு நான் உன்னை நினைத்து அழுதேன், பொய்யில்லை. சேரைப் புல் இருக்கிறது, கொச்சிக்காய் உறைப்பு எங்களுடையதைவிடக் கொடுமை. இறால் கூழ் என்று ஒன்று கல்லில் போட்டு இடிக்கிறார்கள். சீதா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்க புசல்லாவ லயத்துல முப்பது வீட்லயும் ஒண்ணா கருவாடு சுட்டாக்கூட இப்புடி நாறாது புள்ள" என்றாள். பிறகு அவள்தான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பன்றி சமைக்கிற நாளில் நொய் அக்கா எனக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தார். நான் கேட்கவே இல்லை.

வகுப்பு முடிகிற வாரம் யானை முகாமுக்குக் கூட்டிப்போவார்களாம். கண்டியில் பிறந்தவள் யானை பார்க்கத் தாய்லாந்துக்கு வந்திருக்கிறாள் என்று நீ சொல்லப்போவது எனக்கு இங்கேயே கேட்கிறது.

உன் றம்ஸியா


கண்டி
30.07.1998

றம்ஸியா,

சமைத்தேன்!

கடிதம் வந்த அன்றே மார்க்கட்டுக்கு ஓடினேன். சேரை, ரம்பை, அரத்தை, பச்சைக் கொச்சிக்காய், தேசி இலை. இறால் கூழுக்குப் பதில் மாசிக் கருவாட்டை இடித்தேன். கட்டிப்பாலை முதலில் விட்டதும் அம்மா குசினிக்குள் ஓடி வந்தா. "ஐயோ பிள்ளை, பால் திரையுது! நூத்துப் போடு அடுப்பை!" நான் நூர்க்கவில்லை, எரியவிட்டேன். எண்ணெய் பிரிந்தது. பச்சையாக, பளபளவென்று. வாசம் மேல்மாடி வரைக்கும் போனது. அப்பா இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு, "உள்ளுக்கை வைச்சவங்களுக்கும் கொஞ்சம் குடுத்துவிடு. மனசு இளகும்" என்றார். கைதான நாளுக்குப் பிறகு வீட்டில் அன்றுதான் சிரித்தோம்.

யானையும் இங்கே இருக்கிறது. போன ஞாயிறு பொலிஸ் வாசல் வாங்கில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன். பெரஹெரா ஊர்வலத்துக்கு வந்த மூன்று யானைகள் வாசலால் போயின. வீதித்தடையை இழுத்துத் திறந்துவிட்டு, காவலுக்கு நின்றவன் ஒதுங்கிக் கும்பிட்டான். எங்கே பிறந்தாய் என்று ஒரு யானையையும் கேட்கவில்லை. ஜனவரியில் குண்டு வெடித்தபிறகு இந்த நகரத்தில் கேள்வி கேட்காமல் போகக்கூடியது அதுதான்.

இனிக் கவனமாக வாசி. ஓகஸ்ட் 27, வியாழன், கண்டி நீதிமன்றம். சட்டத்தரணி நவரட்ணராஜா சொன்னார்: "அந்தப் பிள்ளை வந்து முக்காடு தன்ரை எண்டு சொன்னால் அரை மணித்தியாலத்திலை முடியும். வராட்டில் கோப்பு கொழும்புக்குப் போகும். கோப்போடை ஆளையும் கொண்டு போவாங்கள்." அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவரைக் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

வேனில் இருந்தது நாம் இரண்டு பேரும் சாரதியும். சாரதி அன்றைக்கே ஓடிவிட்டான். நீ ஒருத்திதான் சாட்சி. 16ஆம் தேதி வருகிறாய், நாள் இருக்கிறது. வருவேன் என்று ஒரு வரி எழுது.

செசிலியா

பி.கு.: யானையைப் பற்றி எழுத மறக்காதே.


சியாங் மாய்
10.08.1998

செசி, செசி, செசி!

யானை என் தலையைப் பிடித்தது!

முதலிலிருந்து சொல்கிறேன். பெயர் புவா, வயது நாற்பதுக்கு மேல், காது ஓரத்தில் ரோசாப்பூ நிறத்தில் புள்ளிகள். முதலில் வாழைப்பழம் கொடுத்துச் சிநேகிதம் பிடிக்கவேண்டும். நான் கையை நீட்டுவேன், தும்பிக்கை வரும், நான் கத்திக்கொண்டு ஓடுவேன். சீதா போய்க் குலையோடு வாய்க்குள் தள்ளினாள். பிறகு எல்லோரும் ஆற்றுக்குள் இறங்கி அதைத் தேங்காய்த் தும்பால் தேய்த்தோம். தோல் தேங்காய்ச் சிரட்டை மாதிரி, மயிர் ஊசி மாதிரி. அது கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து படுத்தது. நான் பயமில்லாமல் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நான்தான்!

அப்போதுதான் தும்பிக்கை என் தலைக்கு மேலால் வந்தது. என் நீல முக்காட்டை ஒரே இழுவை. ஊசி தெறித்துப் போய்விட்டது. புவா அதைக் கொடி மாதிரி ஆட்டுகிறது, ஆற்றங்கரை முழுக்கச் சிரிப்பு. பாகன் அதை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருடையது என்று கேட்டான். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கி, "என்ட! என்ட! அது என்ட!" என்று கத்தினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கியது. இவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததே இல்லை.

நீ கேட்டதைப் பற்றி: வாப்பாவுக்குக் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பொலிசுக்குப் பொய் சொன்னவள் என்று என்னையும் பிடித்துக்கொள்வார்களாம், திகனயில் கடை நடத்த முடியாதாம், எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிற இடமும் குழம்புமாம். றவூப் நானாவும் அண்ணன் என்ற முறையில் அதைத்தான் சொல்கிறார். சீதா பக்கத்தில் இருந்து, "ஒரு வரி எழுதிப் போடு புள்ள, கை தேஞ்சா போயிரும்?" என்கிறாள். நான் வந்ததும் நேரில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். உனக்கு ஒரு சாமான் வாங்கியிருக்கிறேன்.

றம்ஸியா


கண்டி
26.08.1998

றம்ஸியா,

உன் கடிதம் உனக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. நீ வந்து பத்து நாள். இதைச் சீதா கையில் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றுத் திகனக்கு வந்தேன். வாசலில் உன் செருப்பு இருந்தது, இங்கே விற்காத மாதிரிச் செருப்பு. றவூப் நானா கதவைப் பாதி திறந்து, "தங்கச்சி வீட்ல இல்ல, செசிலியா" என்றார். உள்ளேயிருந்து ரம்பை வாசம் வந்தது. கோழி சுற்றிப் பொரிக்கிறாய். எனக்குப் பசித்தது. சொல்லத்தான் வேண்டும்.

உன் வாப்பா கடைவாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல் தராசைத் துடைத்தார். எண்பத்து மூன்றில் அதே வாசலில் பொல்லும் தடியுமாக நின்ற அறுபது எழுபது பேருக்கு முன்னால், "இவங்க எங்கட ஆக்கள்" என்று சொன்ன மனிசன். நமக்கு அப்போது ஒன்பது வயது. உன் கை என் கைக்குள் இருந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் தன் முறைக்குச் சொல்லிவிட்டார். இது உன் முறை.

யானைக் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. 'என்ட, என்ட' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மொழி தெரியாத பாகனிடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சொல்லியிருக்கிறாய். நன்றாகச் சொல்லத் தெரிந்திருக்கிறது உனக்கு.

நாளை காலை ஒன்பதரை. மேசையில் ஒரு பைக்குள் அந்தப் பச்சை முக்காடு இருக்கும், இரண்டு ஊசியோடு. நீதவான் அதைத் தூக்கிப் பிடித்து யாருடையது என்று கேட்பார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

யானைக்குச் சொன்னதை அங்கே வந்து சொல். ஒரே சொல். வருவாயா?

செசிலியா