விபத்தா, தாக்குதலா?

அன்பு மகளுக்கு, நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம்தான், அதை இன்னொரு தரம் படித்துவிட்டு மேலே படி. அப்பாவைப் பாம்பு பிடுங்கிவிட்டது, விஷப்பாம்பு. கொட்டகையில் அடைந்து கிடக்கிற அட்டைப் பெட்டிகளை ஒழியுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், ஒருவழியாகப் போய்க் கையை விட்டார், விட்ட கையில் வாங்கிக்கொண்டார். அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே அழைத்துக்கொண்டு ஓடினேன். அங்கே ரெக்கார்டு ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் வியாதிக்கெல்லாம் வகை பிரித்து எண் போடுகிறவரல்லவா, கட்டிலில் கிடந்தும் புத்தி போகவில்லை. பாம்புக்கடியிலும் வகை உண்டாம், விபத்து, தானே தேடிக்கொண்டது, பிறர் செய்த தாக்குதல், தெரியவில்லை என்று. நர்ஸ் விபத்து என்று எழுதப் போனாள். இவர் தடுத்து, "இரும்மா, பெட்டியை எடுக்கச் சொன்னது இவதான், விசாரிக்காம விபத்துன்னு எப்படிப் போடறது, தெரியலைன்னு போடு" என்கிறார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாம்பு விட்ட குறையை நானே தீர்த்திருப்பேன்.

விஷம் நரம்பில் ஏறினால் இமை சரியும், கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். உன் அப்பாவுக்கு என்றைக்கு இமை நிமிர்ந்திருக்கிறது. விஷமா தூக்கமா என்று தெரியாமல் அடிக்கொரு தரம் கிள்ளினேன். கடைசியில் கையில் பாம்பின் தடம் இரண்டு, என் தடம் எண்ணி மாளாது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று டாக்டரே கேட்டுவிட்டார். சாயங்காலம் நாக்கு தடிக்கிறது என்று முனகினார். எழுந்து ஓடினேன். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், "விபத்துன்னே மாத்திடும்மா, எனக்குப் பேச்சு நின்னுட்டா அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது." நான் அங்கேயே நின்று அழுதேன். இந்த மனிதர் இல்லாமல் எனக்கு ஒரு பொழுதும் ஓடாது.

நாக்கு தடித்தது வெறும் பயமாம். கடித்த பாம்பு விஷத்தை இறக்கவே இல்லை, வெறுங்கடி என்று எழுதி அனுப்பினார்கள். இவ்வளவு பாடுபட்டதற்கு வெறுங்கடியா என்று இவருக்கு முகம் தொங்கிவிட்டது.

டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே. அங்கேயும் ஷூவை உதறாமல் காலை விடாதே. நோய்நொடி அண்டாமல் நிறைவாக இரு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், திரைக்குப் பின்னால் நான் கேட்டது அவருக்குத் தெரியாது, போனில் உளறிவிடாதே. தெரிந்தால் மறுபடி "தெரியவில்லை" என்று மாற்றிவிட்டு வருவார், அவர் ஆபீஸ்தானே.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை நிரபராதியான
உன் அம்மா