ஓ என்றால் மேற்கு

இன்று காலை டிவி மேசையைத் துடைக்கும்போது, உங்கள் ஆண்டெனா திருப்பும் பெட்டி கையில் வந்தது. கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. உடனே உங்கள்மேல் கோபம்தான் வந்தது. சேர்ந்து மகனிடம் மல்லுக்கு நிற்க வேண்டிய நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே!

உங்களுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதும் மகன் கேபிள் இழுத்துவிட்டு, "இனிமே மாடிப்படி பக்கமே போவக்கூடாதுப்பா" என்று கண்டிப்பாகச் சொன்னான். தினமும் மாடியேறி, ஆண்டெனாவை வடக்கே திருப்பிச் சென்னையும் தெற்கே திருப்பி இலங்கையும் பார்த்த மனிதர் நீங்கள். "கேபிள்காரன் காட்டறத நான் ஏன் பாக்கணும்?" என்று முறைத்தீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் கூட இருந்த கூட்டாளிக்குச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டாரைப் பிரான்சிலிருந்து வரவழைத்தீர்கள்.

மாட்டுவதற்கு முன் கூடத்திலேயே ஓட்டிப் பார்க்கணும் என்றீர்கள். "மேல போயி நின்னுபோச்சுன்னா நான் ஏறிப் பாக்க முடியுமா?" மோட்டாரை முக்காலியில் கட்டி, ஆண்டெனாவுக்குப் பதிலாக ஒட்டடைக் கம்பைச் செருகி, தரையில் சாக்பீஸால் நாலு திசையும் குறித்தீர்கள். குமிழைச் சுற்றி நாலு குறி போட்ட பெட்டி என் கையில். வடக்கில் ஆரம்பித்தோம். "ஒரு சுத்து சுத்தவுட்டு, ஆரம்பிச்ச எடத்துலயே நிறுத்து" என்றீர்கள். நிறுத்தினேன். கம்பு சமையலறையைப் பார்த்து நின்றது. மறுபடி சுற்றவிட்டேன், மறுபடியும் சமையலறைதான்.

உங்கள் முகம் விழுந்துவிட்டது. "போச்சுடி. மோட்டாரே கோளாறு." அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"ஆரம்பம்னா சுழிதானே, நான் சரியாத்தானே சுழியில வச்சிருக்கேன்!" என்று கத்தினேன்.

பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அடியே, அது சுழி இல்ல, ஓ! பிரெஞ்சுல ஓன்னா ஊஎஸ்த்து, மேற்கு! அதான் சமையல்கட்டு பக்கமே நிக்குது. இத்தினி வருசம் பிரெஞ்சுப் பென்ஷன்ல சாப்பிட்டுட்டு மேற்கு தெரியல பாரு."

"ஆமா, பெரிய வெள்ளைக்காரரு!" என்றேன். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மாட்ட வருவதாகச் சொன்ன ஆள் மகனுக்குப் பயந்து வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறினேன். "இந்த வயசுல பொம்பளைக்கு ஏன் இந்த வேலை?" என்றாள் பக்கத்து மாடிக்காரி. "நீ துணியக் காயப்போடும்மா" என்றேன். இறங்காமல் மோட்டாரைக் கம்பத்தில் பொருத்தினேன்.

கடைசி நட்டை முறுக்கிவிட்டுக் குரல் கொடுத்தேன். கீழே நாற்காலியில் நீங்கள். என் தலைக்கு மேலே ஆண்டெனா தானாக அசைந்து திரும்பியது. நாலு திசைக்கும் திருப்பினீர்கள், முடிகிறதே என்ற சந்தோஷத்தில். நான் மேலே நின்று அழுதேன். இதை உங்களிடம் சொன்னதேயில்லை.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நேற்று மகன் புதுப் பூட்டோடு வந்தான். "தனியா இருக்கற. மாடிக் கதவப் பூட்டிடறேம்மா. வழுக்கி வுழுந்தா யாரு பாக்கறது?"

பிள்ளைக்குப் பாசம்தான். பூட்டி முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு கையை நீட்டி, "சாவியக் குடு" என்றேன். ஒன்றைக் கொடுத்தான்.

"ரெண்டையும்."

இரண்டும் இப்போது என் இடுப்பில் இருக்கின்றன.