எட்வேட் சாப்பிட்ட தட்டு

அப்டன் பார்க், லண்டன்
நவம்பர் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

டொலறஸின் முகத்தில் கதவைச் சாத்தியது நீங்கள். வேறு யாருமில்லை.

அவளை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் தர்சினியின் சிநேகிதி. உங்களுக்கு அடுத்த ஊரில், கறுப்பின மக்கள் இருக்கும் பக்கத்தில் வீடு. இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களையும் ஒன்றாக்கலாமா என்று கூடிய கூட்டத்தில் நீங்கள் எழும்பி எதிர்த்தீர்கள். வெள்ளையர்கள் கைதட்டினார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரிசையில் தர்சினிக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையும் இருந்திருக்கிறாள். தர்சினி எனக்குப் போன் எடுத்து அழுதாள்.

நீங்கள் குடியேறிய நாட்டில் அந்தந்த ஊரின் வீட்டு வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். மலிந்த வீடுகள் உள்ள ஊரில் ஆய்வுகூடம்கூட இல்லாத பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் சரியில்லை என்று வசதியானவர்கள் அந்த ஊரில் வீடு வாங்குவதில்லை. அதனால் வீடு இன்னும் மலிகிறது. இவ்வளவும் விளங்கிய மனிதர், அடுத்த வரியில் "அதுகளுக்குப் படிப்பு ஏறாது" என்று எப்படி எழுதினீர்கள்?

எட்வேட்டை மறந்துவிட்டீர்களா? தர்சினி இங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம்தான் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் எட்வேட் வீட்டை விற்றான். அண்ணி சுட்ட வடையைத் தின்றுகொண்டே, உங்களில் ஒரு குறையும் இல்லை, மகனின் படிப்புக்காகத்தான் போகிறேன் என்றான். அவன் போனதும் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் குப்பையில் போட்டீர்கள். "எங்கட பிள்ளை பக்கத்தில இருந்தா அவன்ரை பிள்ளைக்குப் படிப்பு ஏறாதாமோ?" என்று கேட்டீர்கள்.

பிறகு தெரு முழுக்க விற்பனைப் பலகைகள். வகுப்பில் வெள்ளைப் பிள்ளைகள் இல்லாமல் போனார்கள். கடைசியில் நீங்களும் கடல் கடந்து போனீர்கள், படிப்புக்காக. எங்கள் ஆட்களிடம் அந்த ஒரு சொல் போதும். காணியை விற்றாலும் ஊரையே விட்டு ஓடினாலும், படிப்புக்கு என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

தர்சினி கேட்டாள்: "சித்தப்பா, அப்பா ஏன் இன்னும் எட்வேட்டைத் திட்டுறார்?"

பதில் உங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கும் வாக்கெடுப்புக்கு முன் இன்னொரு கூட்டம் இருக்கிறதாம். அதிலும் எழும்புங்கள். நீங்கள் சொன்னது பிழை என்று டொலறஸின் காதில் விழச் சொல்லுங்கள். மகளும் கேட்கட்டும்.

அண்ணியின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன்.

தம்பி
கணேசலிங்கம்


அப்டன் பார்க்
ஜனவரி 1994

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. எண்ணெய் வந்து சேர்ந்தது, பனி கொட்டுகிறது, வீட்டு விலை ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் வாசித்தேன். பள்ளிக்கூடங்கள் ஒன்றாகவில்லை என்று தர்சினிதான் சொன்னாள். உங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டாளாம். அதையும் நீங்கள் எழுதவில்லை.

எல்லோரும் சுகமாக இருங்கள். பிள்ளையைக் கோபிக்காதீர்கள்.

கூட்டத்தில் எழும்பினீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

தம்பி
கணேசலிங்கம்