மனசு கோணாத பதில்கள்

கார்த்திகை 9, செவ்வாய்

எங்கள் கிளை நூலகத்துக்கு வரும் பெண்கள் எவ்வளவு படிக்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நூலகரும் நானே, கேள்வித்தாள் கொடுத்தவளும் நானே. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இன்று வயலில் களையெடுப்பு முடிந்து நூலகத்துக்கு வந்த வாசகி செல்வி பெருமையாகச் சொன்னாள்:

“எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு, தெனம் படிக்கிறோம்னுதான் எழுதிக் குடுத்தோம் மேடம். கொறச்சு எழுதுனா நூலகத்த மூடிருவாங்க, ஒங்களயும் மாத்திருவாங்கல்ல?”

ஆய்வுக்காகச் செலவழித்த அத்தனை விடுமுறை நாட்களும் மண்ணாய்ப் போயின. என் வழிகாட்டியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? இதைச் சொல்லாமல் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால்? கடவுளே, அதையும் யோசிக்கிறேன்.

“ஆராய்ச்சி நல்லா வந்துச்சா மேடம்?” என்று கேட்டாள்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு செல்வி” என்றேன். அவள் மனசு கோணக் கூடாதே.