மெயினை இறக்குமுன்

விஸ்வநத்தம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பொன்மணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, அதுகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியாத்தா துணையிருப்பாள். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். இந்தப் பார்சலில் முறுக்குக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதன் கதையைப் போனில் சொன்னால் பாதியிலேயே போனை வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன் முனியராஜ் மஞ்சள்காமாலையில் போவதற்கு முந்தின மழைக்கு ஆனைக்குட்டம் அணை நிறைந்ததே, அங்கே நின்றுகொண்டு உனக்காக ஒரு வீடியோ எடுத்தானே, ஞாபகம் இருக்கிறதா. உனக்கு அனுப்பியது உன் பழைய போனோடு போயிற்று. அவன் குரல் என்று நமக்கு மிஞ்சியது அவன் வாங்கி வைத்த கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஒன்றுதான். அந்தக் கம்ப்யூட்டரோ ஹார்டு டிஸ்க்கை மாற்ற மாற்றத் தின்றுகொண்டே இருந்தது. முதல் ரெண்டு தடவையும் அவன் போனின் மெமரி கார்டிலிருந்து திரும்ப ஏற்றிக் கொடுத்தார்கள். பிறகு கார்டும் கெட்டுப்போனது. போன மாதம் மூன்றாவது டிஸ்க்கும் படுத்தபோது, பிள்ளையை ரெண்டாவது முறையும் பறிகொடுத்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

சிவகாசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அழகுமீனாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். வயரை மாற்றிப் பார்த்தாள், கரண்டு கொடுக்கிற பெட்டியை மாற்றிப் பார்த்தாள், வெயில் படுகிறதா, எலி கடிக்கிறதா என்று எல்லாம் கேட்டாள். வீட்ல அடிக்கடி கரண்டு போகுதாம்மா என்று கேட்டாள், இல்லத்தா, இப்பல்லாம் கரண்டு நிக்கிறதே இல்ல என்று சத்தியமாகச் சொன்னேன், அப்பாவும் தலையாட்டினார். அப்புறம் செத்துப்போன பழைய டிஸ்க் ஒன்றைத் திறந்து காட்டினாள் பார், பொன்மணி, நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே வட்டமாகக் கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, என் முகம் பளிச்சென்று தெரிகிறது. அதன்மேல் ஒரு சின்னக் கை. தட்டு சுற்றும்போது அந்தக் கை தட்டைத் தொடாமல் மிதந்துகொண்டே படிக்குமாம், தட்டுக்கும் அதுக்கும் நடுவில் ஒரு பொட்டுத் தூசி நுழையக்கூட இடம் கிடையாதாம். நான் இத்தனை வருசம் பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பவுடரில் புரண்டவள், என் விரல் இடுக்கில் ஒட்டியிருக்கிற ஒரே ஒரு பொடி அதுக்குப் பாறாங்கல்லாம். அம்புட்டு நுணுக்கத்துக்குள் ஒரு அணைத் தண்ணீரும் என் பிள்ளை சிரிப்பும் அடங்கியிருந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

கெட்ட டிஸ்க்கில் இருப்பதை மீட்க அதை மதுரைக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேற்கே லேசாக ஒரு இடி. உன் அப்பாவைத்தான் தெரியுமே, பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை பார்த்துப் பார்த்துத் தீ பயம் ரத்தத்தில் ஊறியது, மேகம் உறுமினால் மெயின் சுவிட்சை இறக்குவார், வாசல்படி தாண்டினாலும் மெயினை இறக்குவார். பட்டென்று இறக்கினார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம், விழுந்து அடிபட்ட மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்டு போவதே இல்லை என்று சொன்னோமே, நாங்களே தினமும் நிறுத்துவதைக் கரண்டு போவது என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை. நானும் டிவி மாதிரி திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்புகிறவள். அழகுமீனாவிடம் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டாள், சுத்திக்கிட்டு இருக்கும்போதே பிடுங்கினா எந்த டிஸ்க்தாம்மா தாங்கும், நிறுத்திட்டு அப்புறமா இறக்குங்க என்றாள். பஸ்ஸில் வரும்போது அப்பா, அப்ப நாந்தான் ஒவ்வொரு தடவையும் அவன் பேச்ச அறுத்தேனா என்று கேட்டார்.

மதுரையில் பாதிதான் எடுக்க முடிந்ததாம். அந்தப் பாதியில் அவன் இருக்கிறான்! ஏ பொன்மணி, இங்கன பாரு, எம்புட்டுத் தண்ணி என்று கத்துகிறான், காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இதுநாள்வரை அந்த வீடியோ பக்கமே வராத உன் அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை போடு என்றார்.

நேற்று மத்தியானம் நான் அடுப்படியில் இருக்கும்போது வானம் இருட்டி இடித்தது. வழக்கம்போல அப்பா மெயினுக்கு ஓடினார். ஆனால் வெளிச்சம் போகவில்லை. எட்டிப் பார்த்தால் கையை மெயின்மேல் வைத்தபடி நிற்கிறார், ஏ சின்னத்தாயி, முனியராசு படுத்துட்டானா என்று கேட்கிறார். நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை நிறுத்தி, உள்ளே காற்றாடிச் சத்தம் அடங்குகிறவரை காதை வைத்திருந்து, படுத்துட்டான் என்றேன். அப்புறம்தான் இறக்கினார்.

பார்சல் வந்ததும் பென்டிரைவை வேறு ரெண்டு இடத்தில் ஏற்றி வை. நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நிறைந்த ஆயுசோடு நல்லா இருப்பாய் தாயி. ஒன்றை மறக்காதே, பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்காதே, அவன் பேசி முடிக்கட்டும்.

உன் அம்மா,
சின்னத்தாய்